உதிரி மூலிகையில் குடிநீர்: எதைக் கொதிக்க வைப்பது, எதை மூடி வைப்பது

கேள்வி குமரி மாவட்டம் குழித்துறையிலிருந்து வந்திருக்கிறது. களியக்காவிளையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த துளசி, ஆடாதோடை இலை, சுக்கு, அதிமதுரம், ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் உதிரியாக வாங்கி, ஒரே பாத்திரத்தில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைக்கிறாராம். கசப்புதான் மிஞ்சுகிறது, மணமே இல்லை என்கிறார். எவ்வளவு போடுவது, எவ்வளவு நேரம் வைப்பது, எல்லைக்கு அப்பால் கேரளத்திலுள்ள பாறசாலையிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து தந்த 'அமிர்து' கொடியையும் சேர்க்கலாமா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கும் இதையே கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கசப்பு மிஞ்சியதற்கும் மணம் போனதற்கும் காரணம் ஒன்றுதான். இலைக்கும் வேருக்கும் ஒரே தீயைக் கொடுத்திருக்கிறீர்கள். ரசம் வைப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி இது: நுரை கூடியதும் இறக்காமல் தளதளவென்று கொதிக்க விட்டால் ரசம் ரசமாக இருக்காது. துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப் புல், ஏலம், ஓமம் இவற்றில் நமக்கு வேண்டியது ஆவியாகப் பறக்கிற எண்ணெய். மூடியில்லாமல் அரை மணி நேரம் கொதித்தால் அது அடுக்களை முழுக்க மணக்கும், டம்ளரில் இருக்காது. அதே அரை மணி நேரத்தில் இலையின் துவர்ப்பும் கசப்பும் நிதானமாகத் தண்ணீரில் இறங்கிவிடும். சுக்கும் அதிமதுரமும் இதற்கு நேர்மாறு. அவற்றில் வெந்நீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்தால் பாதிச் சத்து சக்கையிலேயே தங்கிவிடும்.

ஆகவே மணமுள்ள இலை, பூ என்றால் ஊற வைப்பது. வேர், பட்டை, கட்டை, காய்ந்த கிழங்கு என்றால் கொதிக்க வைப்பது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி குழப்பம் தீர்ந்துவிடும். மீதிக் கால்வாசிக்கு ஆடாதோடை நல்ல உதாரணம். அது இலைதான், ஆனால் மணத்துக்காக யாரும் அதைத் தேடுவதில்லை. அதன் வேலையெல்லாம் வாசிசின் என்கிற கசப்புப் பொருளில் இருக்கிறது. அது ஆவியாகப் போய்விடாது, கொதிக்க வைத்தால் நன்றாக இறங்கும். சளிக்கு டாக்டர் எழுதித் தருகிற புரோம்ஹெக்சின் மருந்து இந்த வாசிசினை மாதிரியாக வைத்துச் செய்யப்பட்டதுதான். எனவே ஆடாதோடையை வேர்களோடு சேர்த்து அடுப்பில் வைக்கலாம். துளசியை வைக்கக் கூடாது.

ஊற வைக்கிற முறையில் சொல்ல அதிகமில்லை. காய்ந்த இலையோ பூவோ ஒரு தேக்கரண்டி, பச்சையாக இருந்தால் அதைப்போல் மூன்று மடங்கு, தண்ணீர் ஒரு டம்ளர். தண்ணீர் கொதித்து அடங்கியதும் இலைமேல் ஊற்றி உடனே மூடுங்கள். ஏழெட்டு நிமிடம் போதும். மூடியைத் திறக்கும்போது அதன் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்து நிற்கும். அதை வெளியே உதறாமல் டம்ளருக்குள்ளேயே தட்டிவிடுங்கள், மணத்தில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. பச்சை இலையைக் கத்தியால் அரியாமல் கையால் கசக்கிப் போடுங்கள்.

கொதிக்க வைப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எல்லோரும் கேட்பது எத்தனை நிமிடம் என்று. பழைய முறையில் நிமிடக் கணக்கே கிடையாது. எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. நாலொன்றாகக் காய்ச்சு, எட்டொன்றாகக் காய்ச்சு என்பார்கள். நாலு பங்கு ஊற்றி ஒரு பங்கு நிற்கும்வரை வற்ற வைப்பது நாலொன்று. சித்த மருத்துவக் குடிநீர்ச் சூரணங்களுக்கு இன்றும் இதுதான் வழக்கம்: ஒரு தேக்கரண்டிச் சூரணம், 240 மில்லி தண்ணீர், வற்றி 60 மில்லி. உங்கள் வீட்டு அடுப்பும் என் வீட்டு அடுப்பும் ஒரே வேகத்தில் எரியாது என்பதால் இந்தக் கணக்கு நிமிடக் கணக்கைவிட நம்பகமானது.

வற்றியது போதுமா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு பழைய வித்தை இருக்கிறது. வெறும் பாத்திரத்தில் முதலில் 60 மில்லி மட்டும் ஊற்றி, ஒரு ஈர்க்குச்சியை நிமிர்த்தி நிறுத்தி, தண்ணீர் தொட்ட இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். பிறகு மீதி 180 மில்லியையும் மருந்தையும் சேர்த்து அடுப்பை ஏற்றுங்கள். அவ்வப்போது குச்சியை விட்டுப் பார்த்தால் கீறல் வரைக்கும் வந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். சக்கை கொஞ்சம் இடத்தை அடைக்கும் என்பதால் துல்லியம் முன்பின் இருக்கும், பரவாயில்லை. தீ சிறுதீயாக இருக்க வேண்டும். மூடி போடாதீர்கள், போட்டால் வற்றாது.

இடிப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. 'ஒன்றிரண்டாக இடித்து' என்று வைத்தியர்கள் சொல்வது காரணத்தோடுதான். முழு வேராகப் போட்டால் உள்ளே தண்ணீர் போகாது. மிக்சியில் மாவாக அரைத்துப் போட்டால் அடியில் களியாக நின்று அடிபிடிக்கும், வடிகட்டவும் முடியாது, குடிப்பவர் தொண்டையில் மண்ணாகக் கரகரக்கும். கொத்தமல்லி இரண்டாக உடைகிற பதம், சுக்கு பயறு அளவுத் துண்டாகிற பதம் சரியாக இருக்கும். கருங்காலி மாதிரிக் கட்டைச் சரக்கை இரவே ஊறப்போட்டுவிட்டுக் காலையில் காய்ச்சுங்கள்.

இன்னொன்று, நாலொன்றாக வற்ற வைத்த குடிநீர் மருந்து. அது சுவைக்காகக் குடிக்கிற மூலிகை டீ இல்லை. தினம் மாலை நாலு மணிக்கு டீக்குப் பதிலாக ஏதாவது குடிக்க வேண்டும் என்றால் இரண்டு டம்ளர் ஊற்றி ஒன்றரையாக வற்றினால் போதும். சுக்கு மல்லிக் காப்பி அந்த ரகம்: மல்லி இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு, கொஞ்சம் மிளகும் சீரகமும், இறக்கும்போது ஒரு ஏலக்காய். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து மண் வடிகட்டிச் சேர்ப்பது நல்லது. நல்ல கருப்பட்டியிலும் மணல் இருக்கும்.

சுக்கு என்றதும் சொல்ல வேண்டியது: தோலைச் சீவிவிட்டு இடியுங்கள். 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பது வைத்தியர் வாக்கு. சுக்கின் மேல்தோலும் கடுக்காயின் உள்கொட்டையும் ஆகாது என்று பொருள். கடையில் கிடைக்கிற சுக்கின் தோலில் அழுக்கும் தூசியும் பூசணமும் ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே இந்த விதியை மீற மனசு வராது.

பாத்திரத்துக்கு ஸ்டீல் போதும், மண்சட்டி இருந்தால் இன்னும் நல்லது. இரும்பு வேண்டாம். கடுக்காய், நெல்லிக்காய் போன்ற துவர்ப்புச் சரக்கு இரும்போடு சேர்ந்தால் மை மாதிரி கறுத்துவிடும். ஈயம் பூசாத பித்தளை, செம்பும் வேண்டாம்.

வெட்டிவேர் வேர்தான் என்றாலும் அதில் நமக்கு வேண்டியது மணம், அதை எதற்காகக் கொதிக்க வைக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. நிலவேம்புக் குடிநீர் மாதிரி ஒரு கூட்டில் அது வருகிறது என்றால் சரி. அதில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு; மொத்தமாகத்தான் காய்ச்ச வேண்டும். வெட்டிவேரைத் தனியாகக் குடிக்கிறவர்களுக்கு மண்பானைதான் சரி. ஒரு கைப்பிடி வேரை நன்றாக அலசி, வெள்ளைத் துணியில் முடிந்து, காய்ச்சி ஆறிய பானைத் தண்ணீரில் போடுங்கள். நாலைந்து மணி நேரத்தில் இறங்கிவிடும். முடிச்சை எடுத்து வெயிலில் காய வைத்து மறுநாளும் போடலாம், மணம் குறைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

அந்தக் 'காய்ச்சி ஆறிய' என்ற சொல்லை லேசாக விட்டுவிடாதீர்கள். பாறசாலை தாண்டினால் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை இளஞ்சிவப்பாக வைப்பார்கள். இந்தப் பக்கமும் பல வீடுகளில் அந்தப் பழக்கம் உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் தண்ணீர் கொதித்தது என்பதுதான் அதில் பாதி நன்மை. அவசரத்தில் அரைப் பாத்திரம் பதிமுகம் காய்ச்சி, மீதியைக் குழாய்த் தண்ணீர் விட்டு நிரப்பி 'இளஞ்சூடு' ஆக்குகிற கடைகள் இருக்கின்றன. மஞ்சள் காமாலை பரவும் காலங்களில் இப்படிக் கலக்காதீர்கள் என்று கேரளச் சுகாதாரத் துறை திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதற்காகத்தான். சிவப்பாக இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் சுத்தமாகிவிடாது.

பதிமுகம் நல்லதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ஒரு சிட்டிகைச் சீவலை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறியதும் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். சிவப்பு கண்ணெதிரே வெளுத்து மஞ்சளாகிவிடும். அதில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டால் நுரைத்துக்கொண்டு மறுபடி சிவப்பேறும். மரத்திலுள்ள நிறப்பொருளின் குணம் அது. எலுமிச்சை பிழிந்தும் நிறம் அசையவில்லை என்றால் அந்தச் சரக்கை வாங்காதீர்கள்.

இனி அந்த அமிர்துக் கொடி. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நாம் சீந்தில் என்பதை மலையாளத்தில் சிற்றமிர்து என்பார்கள். ஆனால் வெறும் 'அமிர்து' என்று சொல்லித் தருகிற கொடி எல்லாம் சீந்தில்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இலையின் அடிப்பக்கம் மயிர் படர்ந்திருக்கும் காட்டமிர்து என்ற உறவுக்கொடி ஒன்று இருக்கிறது. தண்டு முழுக்க மரு மருவாகப் புடைத்திருக்கும் இன்னொரு இனமும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து. கொரோனா காலத்தில் எல்லோரும் எதிர்ப்புச் சக்தி என்று சீந்திலைக் காய்ச்சிக் குடித்தார்கள். மும்பை டாக்டர்கள் அப்படிக் குடித்துக் கல்லீரல் பாதித்த ஆறு பேரைப் பற்றி 2021-ல் எழுதினார்கள். சீந்திலால் அல்ல, மருக்கொடியைச் சீந்தில் என்று நினைத்துக் குடித்ததால் இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. 2022 பிப்ரவரியில் இரண்டு கொடிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி அறிக்கையும் விட்டது. யார் சொன்னது சரி என்ற வாதம் டாக்டர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. கொடி எது என்று உறுதியாகத் தெரியாமல் குடிக்கக் கூடாது. உறுதியாகத் தெரிந்தாலும் மாதக்கணக்கில் தினசரி குடிக்கக் கூடாது, அதிலும் தைராய்டு, மூட்டுவாதம் போல உடம்பே உடம்பைத் தாக்குகிற வகை நோய் உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

அக்கா தந்த கொடியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சீந்திலின் தண்டில் மேல்தோல் காகிதம் மாதிரி மெல்லிசாக உரிந்துவரும், உரித்தால் உள்ளே பச்சை. குறுக்கே வெட்டினால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வரிகள் தெரியும், வெட்டின இடத்தில் பால் கசியாது. நூல் நூலாக வேர்களைக் கீழே தொங்கவிடும். தண்டில் விரலை ஓட்டும்போது கூழாங்கல் மாதிரி மரு மருவாக நெருடுகிறது, வெட்டினால் பால் வருகிறது என்றால் அதை எறிந்துவிடுங்கள். சந்தேகம் தீரவில்லையா, இலையோடும் காயோடும் ஒரு முழ நீளம் வெட்டிக்கொண்டு கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரிக்கோ பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கோ போய்க் கேளுங்கள். செடியை அடையாளம் காண்பது அவர்களுக்குப் பாடமே. போனில் போட்டோ அனுப்பிக் கேட்பது போதாது, மருவும் பாலும் போட்டோவில் தெரியாது.

எல்லை ஊர்களில் பெயர் மாறாட்டம் இதோடு நிற்பதில்லை. கேரள அங்காடி மருந்துக் கடையில் 'அரத்தை' என்று கேட்டால் பேரரத்தை வரலாம், சிற்றரத்தையும் வரலாம். சங்கபுஷ்பம் என்றால் நமக்கும் கேரளத்துக்கும் நீலச் சங்குப்பூ. வடக்கே அந்தப் பெயரில் வேறு செடியே போகிறது. பிராமி என்றால் கேரளத்தில் நீர்ப்பிரமி, வேறு சில இடங்களில் வல்லாரை. சீட்டில் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போகாமல் சரக்கைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள். 'சளிக்கு ஏதாவது கலந்து தாங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். கலந்து இடித்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே ஒரு வாரம் கழித்து நினைவிருக்காது.

ஆவாரம்பூவில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஆவாரை வறண்ட நிலத்துச் செடி. குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்து ஈரத்தில் தேடினால் அகப்படுவது அருமை. ஆரல்வாய்மொழி தாண்டினால் ரோட்டோரமே பூத்துக் கிடக்கும். காய்ந்து நொறுங்கிய மஞ்சள் இதழைப் பார்த்து அது ஆவாரையா, மஞ்சள் கொன்றையா, வேறு எதுவுமா என்று சொல்வது கஷ்டம். மஞ்சள் பூ பூக்கிற பொன்னரளி இதயத்தையே நிறுத்தக்கூடிய விஷம் என்பதை மறக்க வேண்டாம். முழுப் பூவாக, மொட்டோடும் காம்போடும் காய்ந்த சரக்கு கிடைத்தால் வாங்குங்கள். அல்லது நீங்களே பறித்து நிழலில் உலர்த்துங்கள்.

பறிப்பது என்றால் எங்கே பறிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். ரப்பர் தோட்டத்து நிழலில் செழித்திருக்கும் செடியைப் பார்த்துக் கை நீளும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், இலையுதிர்வு நோய் வராமலிருக்க, ரப்பர் மரங்களுக்குச் செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி தெளிப்பார்கள். அது மரத்தோடு நிற்காது, கீழே உள்ள எல்லாவற்றின் மேலும் படியும். கம்பம், குமுளி பக்கத்து ஏலத் தோட்டங்களிலும் மருந்தடிப்பு அதிகம். வாழைத் தோட்ட வரப்பில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் நாலு தொட்டியில் துளசியும் கற்பூரவல்லியும் ஆடாதோடையும் வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. மூன்றும் குச்சி நட்டாலே பிடித்துக்கொள்ளும். மலைக்குப் போய்ப் பறிக்கலாம் என்று நினைக்காதீர்கள். குமரியின் காடுகளில் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம், அங்கே இலை பறிப்பதும் குற்றம்.

உலர்த்துவதற்கு நம் ஊர்ச் சாரல் காலம் ஆகாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றிலேயே ஈரம் நிற்கும், நிழலில் வைத்த இலை காய்வதற்குப் பதில் கறுத்துப் பூசணம் பிடிக்கும். பங்குனி, சித்திரையில் உலர்த்தி வையுங்கள். இலையைக் கையில் நொறுக்கினால் சருகுச் சத்தம் கேட்க வேண்டும், வேரை வளைத்தால் வளையாமல் பட்டென்று முறிய வேண்டும். அதுதான் பதம். கண்ணாடிப் புட்டியில் போட்டுப் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். பூசணம் பிடித்ததைத் தட்டிவிட்டு, கொதிக்க வைத்தால் போய்விடும் என்று போடாதீர்கள். பூசணம் விட்டுப்போகிற நச்சு கொதிநீருக்கு அடங்காது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையோடு ஆவாரம்பூவையும் தினம் சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்துவிடவும் வழியிருக்கிறது. கையில் நடுக்கம், வேர்வை, படபடப்பு என்று வந்தால் சர்க்கரை தாழ்கிறது என்று அர்த்தம். டாக்டரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே கொடுப்பதானால் கொடுங்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை அம்மாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பனையிலிருந்து வருவதால் சர்க்கரை ஏறாது என்று நம்புகிறவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். சர்க்கரைக்கு நித்தியகல்யாணிப் பூவைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புற்றுநோய்க்கு ஊசியில் ஏற்றுகிற வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் அந்தச் செடியிலிருந்து வருபவை. அடுக்களையில் அளந்து போடுகிற சமாச்சாரம் இல்லை.

உங்கள் கூட்டில் உள்ள அதிமதுரத்தைத் தினமும் போடுவதை நிறுத்திவிடுங்கள். அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், உடம்பில் உப்பைத் தங்க வைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும், ரத்த அழுத்தம் ஏறும். தொண்டை கட்டிய நாலு நாளைக்கு ஒரு சிறு துண்டு போட்டால் தப்பில்லை. அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். ஆடாதோடை கர்ப்பிணிகளுக்கு ஆகாது, கருப்பையைச் சுருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சுக்கு, மஞ்சள், பூண்டு இவற்றை மருந்தளவில் காய்ச்சிக் குடிப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டும், குழம்பில் போடுகிற அளவுக்குப் பயமில்லை. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எந்தக் கஷாயமும் வேண்டாம், ஒரு வயது வரை தேனும் வேண்டாம். வசம்பு உரசிக் கொடுக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. அமெரிக்காவில் 1968-லேயே உணவில் வசம்பைச் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள்.

இயற்கையானது தானே, கூடுதலாகக் குடித்தால் என்ன என்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது இரும்பன் புளி என்கிற பிலிம்பிக் காயின் கதை. மீன் குழம்பில் ரெண்டு காய் போட்டால் ஒன்றும் செய்யாது. கொழுப்பு குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டு அதைச் சாறாகப் பிழிந்து தினம் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. கேரளத்தில் அப்படி வந்த பத்து நோயாளிகளைப் பற்றி 2013-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். காயில் நிறைந்திருக்கிற ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்ததுதான் காரணம்.

காய்ச்சிய குடிநீரை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? சித்த மருத்துவக் கணக்கில் குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். காலையில் காய்ச்சியதை இரவு சுட வைத்துக் குடிக்காதீர்கள். தேன் சேர்ப்பதானால் விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறின பிறகு சேருங்கள்.

மழைக்காலக் காய்ச்சலுக்கு மட்டும் கஷாயத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒவ்வொரு மழைக்கும் எலிக்காய்ச்சல் வருகிறது. கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மூத்திரம் குறைவது என்று தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் சில நாளில் கொடுத்தால்தான் அங்கே கொடுக்கிற மருந்து நன்றாக வேலை செய்யும். டெங்கு பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது உண்மை. ரத்தப் பரிசோதனையை நிறுத்திவிட்டு யாரும் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

சரி, இப்போது கையில் உள்ள சரக்கை என்ன செய்வது? துளசியைத் தனியாக ஒரு புட்டியில் போடுங்கள். சுக்கையும் ஆடாதோடையையும் ஒன்றாக இடித்து இன்னொரு புட்டியில் வையுங்கள். சளி பிடித்தால் இரண்டாவது புட்டியிலிருந்து ஒரு தேக்கரண்டி எடுத்து, 240 மில்லியில் போட்டுச் சிறுதீயில் பாதிக்கும் கீழே வற்ற விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு துளசியைக் கிள்ளிப் போட்டு மூடி, ஏழெட்டு நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். கசப்பு இருக்கும், கூடவே இந்தத் தடவை மணமும் இருக்கும். வாரக்கணக்கில் தொடராமல் சளி விட்டதும் நிறுத்திவிடுங்கள். ஒரு வாரத்தில் விடவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். வெட்டிவேர் பானைக்கு, அதிமதுரம் தொண்டைக்கு மட்டும். ஆவாரம்பூவை அம்மாவின் டாக்டர் சரி என்கிற வரைக்கும் அப்படியே மூடி வையுங்கள். கொடியை வெட்டிப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் கொண்டுவராதீர்கள், அக்காவிடமும் அதை எங்கிருந்து பறித்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் வீட்டிலும் அதைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருக்கலாம்.